சாவி யார் கையில்?

மிச்சம் பிடிக்க அரசென்ன மளிகைக் கடையா என்று கேட்கிறார் ஒரு தோழர். வந்த வரியை வந்த ஆண்டே மக்களுக்குச் செலவிடுவதுதான் மக்களாட்சி, பூட்டி வைப்பது புதையல் காக்கும் பூதத்தின் வேலை என்கிறார். அவருக்கு எதிர்த்திண்ணையில் அமர்ந்து ஒரு பெரியவர் முழங்குகிறார்: "வரவறிந்து செலவு செய்ய வேண்டும் தம்பி, கண்டவனுக்கெல்லாம் சோறு போட்டால் கருவூலம் எப்படி நிறையும்?" இரண்டு குரலும் இன்று ஊர்தோறும் கேட்கின்றன. இருவருக்கும் மறுப்புச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

கொழுத்த ஆண்டில் மிகுந்து வந்த வரியில் ஒரு பங்கை மெலிந்த ஆண்டுக்கென எடுத்து வைப்பது அரசின் கடமை. முதல் தோழரிடம் நாம் மாறுபடுவது இதில்தான். அந்தப் பங்கு ஏழையின் தட்டிலிருந்து எடுத்ததாக இருக்கக்கூடாது. பெரியவரிடம் நாம் மாறுபடுவது இதில். இவ்விரண்டைக் காட்டிலும் பெரிய கேள்வி ஒன்று உண்டு. எடுத்து வைத்த பெட்டியின் சாவி யார் கையில்? ஆள்வோரின் சட்டைப் பையிலே சாவி இருக்குமானால் அதற்குச் சேமிப்பு என்று பெயரில்லை. அடுத்து வரும் பசித்த மந்திரிக்குக் கட்டி வைத்த பொதிசோறு என்று பெயர்.

நாம் வாழும் ஊர் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடமாதலால் வந்த பெயர். கூடுவதற்கு ஆண்டின் பெரும்பகுதியில் அங்கே தண்ணீரே இல்லை; அதைப் பிறகு பேசுவோம். இங்குள்ள பெருமாள் கோயிலின் சுவரில் வீரராசேந்திர சோழனின் 6 ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 1068 ஆம் ஆண்டினது. வருவோரெல்லாம் கருவறையைப் பார்க்கிறார்கள். நாம் சுவரைப் பார்க்கச் சொல்கிறோம். 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை ஒன்று இங்கே இருந்தது என்று அச்சுவர் சொல்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு எத்தனை கலம் நெல் என்பது வரை வெட்டியிருக்கிறார்கள். நம் கண்ணை நிறுத்துவது வேறொரு பகுதி. ஓராண்டுக்கு வைத்திருக்க வேண்டிய மருந்துகள் இன்னின்ன என்று பெயர் பெயராக அங்கே எழுதப்பட்டுள்ளன. காய்ச்சல் வந்தபின் கடைக்கு ஓடும் அரசன்று அது. காய்ச்சல் வருமுன் கலயத்தை நிரப்பி வைத்த அரசு. நிரப்பியதோடு நில்லாமல், எதை எவ்வளவு என்று யாவரும் பார்க்கும் சுவரில் எழுதியும் வைத்தது.

சோழர் பெருமை பாட வந்தோம் என்று எவரும் எண்ண வேண்டா. அதே கல்வெட்டு வேதம் ஓதும் மாணாக்கருக்குப் பள்ளியும் விடுதியும் உணவும் வகுத்தது. நெல் விளைத்தவன் மகனுக்கு அங்கே என்ன எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டால் கல் வாய் திறப்பதில்லை. அதற்கு ஏறத்தாழ 14 ஆண்டுகளுக்கு முன், 1054இல், தஞ்சைத் தரணியின் ஆலங்குடியில் பஞ்சம். ஊர்ச் சபையிடம் பொருளில்லை. கோயில் பண்டாரத்தில் இருந்தது. 1,011 கழஞ்சு பொன்னும் 464 பலம் வெள்ளியும் சபை வாங்கிற்று. இனாமாகவா? கடனாக! வட்டிக்கு ஈடாக நிலம் எழுதிக் கொடுத்தது. ஊர் உழைத்து, ஊர் கொடுத்து, ஊரால் நிரம்பிய பண்டாரம் ஊர் பசித்தபோது வட்டிக்குத்தான் திறந்தது. 1201இல், மூன்றாம் குலோத்துங்கன் ஆட்சியில், திருப்பாம்புரத்தில் ஒரு வேளாளரும் அவருடைய இரண்டு பெண்மக்களும் பஞ்சத்தில் சாகாதிருக்க 110 காசுக்குத் தங்களையே கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டார்கள். பொற்காலம் என்று புகழப்படும் காலத்தின் கதையைத்தான் சொல்கிறோம். பெட்டி நிறைந்திருந்தது, ஆனால் பெட்டி அவர்களுடையதாக இல்லை.

திறக்கும் உரிமை பற்றி ஓரளவேனும் எண்ணியவர்கள் நமக்கு அண்டை ஊரான உத்திரமேரூர்க்காரர்கள். 919லும் 921லும் பராந்தகன் காலத்தில் அவர்கள் வெட்டிய விதிகளைப் பள்ளிப் புத்தகத்திலே குடவோலை என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அதிலே ஒரு விதி பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்கது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி வாரியத்துக்கு வரக்கூடாது. அவன் மட்டுமல்ல, அவன் நெருங்கிய உறவினரும் வரக்கூடாது. அப்பனுக்குப் பின் மகன், மாமனுக்குப் பின் மருமகன் என்று வழிவழியாக வரும் இன்றைய அரசியலில் இந்த விதியை ஒரு நாள் நடைமுறைப்படுத்தினால் எத்தனை நாற்காலி காலியாகும் என்று எண்ணிப் பாருங்கள்! ஆனால் அந்தச் சபையில் அமர நிலமும் மனையும் மறைநூலறிவும் வேண்டும் என்றார்களே, அந்த வேலியை நாம் மறக்கவில்லை. விதி நல்லது, வேலி கெட்டது. விதியை எடுத்துக்கொண்டு வேலியைப் பிடுங்கி எறிவதில் தவறில்லை.

இனி, பெட்டியின் சாவி பிறன் கையில் இருந்தால் என்னவாகும் என்பதற்குச் சான்று காட்டப் பழங்கல்லைத் தேட வேண்டியதில்லை. நம் பாட்டன்மாரின் பாட்டன்மார் பட்ட பாடு போதும்.

1876இல் தொடங்கி 1878 வரை தென்னாட்டைச் சூறையாடியது தாது வருடப் பஞ்சம். சென்னை மாகாணமும் மைசூரும் பம்பாய் மாகாணத்தின் தென்பகுதியும் ஐதராபாத்தும் வெந்தன. 50 இலட்சம் உயிருக்கு மேல் மாண்டதாகக் கணக்கு. 1877 சனவரி முதல் நாள், சென்னையில் பிணம் விழுந்துகொண்டிருக்க, டில்லியில் இலிட்டன் பிரபு தர்பார் நடத்தினார். விக்டோரியா இந்தியாவின் பேரரசி ஆனார். அதே மாதம் ரிச்சர்டு டெம்பிள் என்பார் தெற்கே அனுப்பப்பட்டார். எதற்கு? செலவைக் குறைக்க! பஞ்ச வேலையில் மண் சுமப்பவனுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் கைக்கு ஓரணாவும் போதும் என்று அவர் கூலி வகுத்தார். போதாது, ஆள் மெலிந்து சாகிறான் என்று சென்னையின் சுகாதார அதிகாரி மருத்துவர் கார்னிஷ் எழுதி எழுதிப் போராடினார். அவரும் வெள்ளையர்தான், உண்மைக்கு நிறமில்லை.

பிணங்கள் எரிந்து அடங்குமுன் அரசுக்கு அறிவு பிறந்தது. பஞ்சம் திரும்பத் திரும்ப வரும், ஆகவே நல்ல ஆண்டுகளிலேயே பணம் சேர்த்து வைக்க வேண்டும் என்றார் நிதி மந்திரி சர் ஜான் ஸ்ட்ராச்சி. 1877 டிசம்பரில் திட்டம் வந்தது. ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய். பஞ்சக் காப்பீடு என்று பெயர். எண்ணம் பிழையன்று. எவர் தலையில் ஏற்றினார்கள் என்று பாருங்கள். வணிகனும் கைத்தொழில் செய்பவனும் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும் என்றார்கள். சென்னை மாகாணத்தில் உப்பின் மீதான வரி மணங்குக்கு 1 ரூபாய் 13 அணாவிலிருந்து 2 ரூபாய் 8 அணாவாக ஏறிற்று. சோற்றுக்கே வழியற்றுக் கிடந்தவன் கஞ்சிக்குப் போடும் உப்பிலே, அடுத்த பஞ்சத்துக்குக் காப்பீடு!

போகட்டும், அவனுக்காகத்தானே சேர்க்கிறார்கள் என்று மனத்தைத் தேற்றிக்கொள்வோமா? இந்த வரியில் ஒரு ரூபாய் கூட வேறு வழியில் போகாது என்று சட்ட மன்றத்திலே வாக்குக் கொடுத்தார்கள். 1878 நவம்பரில் ஆப்கானியப் போர் மூண்டது. 1879-80 வரவு செலவுத் திட்டத்தில் பஞ்சக் காப்பீட்டுத் தொகை நிறுத்தி வைக்கப்பட்டது. காபூல் மலையிலே பீரங்கி முழங்கக் காஞ்சிச் சீமையின் உப்பும் சேர்ந்து மருந்தாயிற்று. வரி மட்டும் நிற்கவில்லை, வாக்குத்தான் நின்றது. கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது என்பார்களே, அது இதுதான்.

இன்னொன்றையும் கேளுங்கள். நெசவூர்க்காரர்கள் கட்டாயம் கேட்க வேண்டியது. அதே 1879 மார்ச்சில், பணமில்லை பணமில்லை என்று பஞ்ச நிதியைச் சுருட்டிய அதே இலிட்டன், தம் ஆலோசனைச் சபையின் பெரும்பான்மையை மீறி, இங்கிலாந்திலிருந்து வரும் முரட்டுப் பருத்தித் துணிக்கு இறக்குமதித் தீர்வையை நீக்கினார். லங்காஷயர் ஆலைக்கு மகிழ்ச்சி. இங்கே தறியிலிருப்பவன் உப்புக்குக் கூடுதலாகக் கட்டினான். அவன் வயிற்றிலடிக்கும் துணி வரியின்றி வந்திறங்கியது. பஞ்சப் பெட்டியை நிரப்பியவர் ஒருவர், காலி செய்தவர் வேறொருவர், வாழ்ந்தவர் மூன்றாமவர்.

இது எப்படி நடந்தது? திருட்டா? சட்டப்படி திருட்டே இல்லை! ஏனென்றால் பெட்டி என்று ஒன்று வைக்கப்படவே இல்லை. காப்பீட்டு வரி பொது வருவாயோடு கலந்தது. தனி நிதி இல்லை, தனிக் கணக்கு இல்லை, எப்போது திறப்பது எப்போது திறக்கக்கூடாது என்ற விதி இல்லை. மந்திரியின் வாக்கு ஒன்றுதான் பூட்டு. வாக்கு கொடுத்தவரே அதைத் திறந்துகொண்டார். பின்னால் 1919 சட்டத்தின் விதிகளில் மாகாணங்கள் ஆண்டுதோறும் பஞ்சத்துக்கெனத் தொகை ஒதுக்கியாக வேண்டும் என்று எழுதினார்கள். 1936இல் சென்னை மாகாணம் பஞ்ச நிவாரண நிதிக்கெனத் தனிச் சட்டமே செய்தது. நாற்பது ஆண்டும் அறுபது ஆண்டும் ஆயிற்று அந்தப் பூட்டைப் போட!

அயலான் ஆட்சி, அப்படித்தான் இருக்கும் என்று ஆறுதலடைவோர்க்கு ஒரு வினா. நம் ஆட்சியில் என்ன செய்தோம்?

2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டு அரசு தன் நிதி நிலை பற்றி வெள்ளை அறிக்கை வெளியிட்டது. 2006க்கும் 2013க்கும் இடையில் பெரும்பாலான ஆண்டுகளில் தமிழ்நாட்டுக்கு வருவாய் உபரி இருந்தது என்பதை அதிலே காணலாம். 2013க்குப் பின் ஆண்டுதோறும் பற்றாக்குறை. 2020-21இல், கொரோனா ஆண்டில், வருவாய்ப் பற்றாக்குறை 61,000 கோடி ரூபாயைத் தாண்டியது. குடும்பமொன்றுக்கு 2,63,976 ரூபாய் பொதுக்கடன் என்று அறிக்கை கணக்குச் சொன்னது. அந்த உபரி ஆண்டுகளில் ஆண்டவை இரண்டும் திராவிடப் பெயர் தாங்கிய கட்சிகள். பழிபோட வடக்கே ஆள் தேட வேண்டியதில்லை. உபரியை வீணாக்கினார்கள் என்று நாம் சொல்லவில்லை. சாலை வந்தது, பள்ளி வந்தது, மருத்துவமனை வந்தது, அவற்றின் பயனை நாமே நுகர்கிறோம். ஆனால் வரி வற்றும் ஆண்டுக்கென்று சட்டம் போட்டு ஒரு பெட்டி வைக்க அந்த நல்ல ஆண்டுகளில் எவருக்கும் தோன்றவில்லை.

2020இல் தோன்றாததன் விலை தெரிந்தது. தறி நின்றது. திருமணங்கள் தள்ளிப்போயின, பட்டுச் சேலை தேங்கிற்று, பாவு தீர்ந்த தறிக்கு அடுத்த பாவு வரவில்லை. குடும்ப அட்டைக்கு 1,000 ரூபாய் வந்தது ஏப்ரலில். ஆயிரம் ரூபாயில் ஒரு நெசவுக் குடும்பம் எத்தனை நாள் உண்ணும் என்று கணக்குப் போட வாய்ப்பாடு வேண்டாம். அரசுக்கு மனமில்லை என்று சொல்வது எளிது. நாம் அப்படிச் சொல்லவில்லை. கையிலில்லை. கடன் வாங்கித்தான் அதையும் கொடுத்தது.

மளிகைக் கடைத் தோழர் இங்கே எழுந்து நிற்பார். "பொருளியல் படித்தவர்கள் சொல்கிறார்களே, அரசு குடும்பமல்ல, மெலிந்த ஆண்டில் அரசு தாராளமாகக் கடன் வாங்கிச் செலவிடலாம் என்று?" என்பார். உண்மைதான். ஆனால் எந்த அரசு? டில்லி அரசு! நாணயம் அவர்களுடையது, ரிசர்வ் வங்கி அவர்களுடையது. கோட்டைக்கு அந்த வசதி கிடையாது. அரசியல் சட்டத்தின் 293 ஆம் பிரிவைப் படியுங்கள். ஒன்றியத்துக்குக் கடன் பாக்கி வைத்திருக்கும் மாநிலம், ஒன்றியத்தின் இசைவின்றிப் புதுக்கடன் வாங்க முடியாது. 2017இல் சரக்கு சேவை வரி வந்தபின் பெரும்பாலான பொருள்கள் மீது தானே வரி விதிக்கும் உரிமையும் மாநிலத்திடம் இல்லை. வரியை உயர்த்த முடியாது, நோட்டு அடிக்க முடியாது, கடனுக்கும் கைகட்டி நிற்க வேண்டும். இப்படிப்பட்டவன் சேமிக்காமல் யார் சேமிப்பது? கேட்டதெல்லாம் கிடைக்கும் பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு உண்டியல் வேண்டாம், நமக்கு வேண்டும்.

கேட்டால் கிடைக்கும் என்று நம்புவோர்க்கு 2023 டிசம்பர் நினைவிருக்கட்டும். சென்னையையும் சுற்று மாவட்டங்களையும் மிக்சாம் புயல் முக்கியது. அடுத்த இரண்டு வாரத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலிச் சீமை வெள்ளத்தில் மிதந்தது. மாநிலம் கேட்டது 37,000 கோடிக்கு மேல். வழக்கமான பேரிடர் நிதித் தவணைகள் போக, 2024 ஏப்ரலில் கூடுதலாக வந்தது ஏறத்தாழ 276 கோடி. அதுவும் உச்ச நீதிமன்றப் படியேறிய பிறகு. 2005 பேரிடர் சட்டத்தின்படி மாநிலத்துக்கொரு நிதி இருக்கிறது, மறுக்கவில்லை. அது புயலுக்கு, வெள்ளத்துக்கு. வாணிகம் படுத்து வரி வற்றிய ஆண்டுக்கு அதில் கை வைக்க முடியாது. ஒடிசா மாநிலம் சுரங்க வருவாய் பெருகிய ஆண்டுகளில் வரவு செலவை நிலைப்படுத்தவென்றே ஒரு நிதி ஏற்படுத்திக்கொண்டது. நம்மைவிட ஏழை மாநிலம் என்று நாம் இரக்கப்படும் மாநிலம்!

கடனை அடைப்பதும் சேமிப்புத்தானே, மிகை வந்தால் பழைய கடனைத் தீர்த்துவிடலாமே என்பது மற்றொரு வாதம். ஸ்ட்ராச்சி சொன்னதும் ஏறக்குறைய இதுவே. வட்டி மிச்சம் என்பது மெய். ஆனால் அடைத்த கடனை மெலிந்த ஆண்டில் திரும்ப வாங்க டில்லியின் இசைவு வேண்டுமே, அது அந்த ஆண்டில் கிடைக்கும் என்று யார் எழுதிக் கொடுப்பது? ஆகவே மிகையில் ஒரு பகுதி கடனுக்குப் போகலாம். ஒரு பகுதி கையிலே இருந்தாக வேண்டும்.

கையிலே என்றால் எங்கே? இங்கேதான் நுட்பம். இப்போது மாநிலத்தின் கையிலே நாள் முடிவில் பணம் மிஞ்சினால், அது தானாகவே ஒன்றிய அரசின் 14 நாள் கருவூல உண்டியலில் போய் விழுகிறது. வட்டி சொற்பம். அதே வாரத்தில் அதே மாநிலம் சந்தையில் அதைவிடக் கூடுதல் வட்டிக்குக் கடன் பத்திரம் விற்கும். வகுப்பறையில் தனிவட்டிக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர்கள் நாம். ஒரு கையால் அதிக வட்டிக்கு வாங்கி மறு கையால் குறைந்த வட்டிக்கு விடுகிறவன் கதையைக் கரும்பலகையில் எழுதினால் ஏழாம் வகுப்புப் பிள்ளை சிரிக்கும். மாநிலம் சிக்கனமாக இருந்தால் அதன் பயன் டில்லிக்கு மலிவுக் கடனாகப் போகிறது! இதனாலேயே சேமிக்காதே என்பார் தோழர். இதனாலேயே தனி நிதி வேண்டும், தனி முதலீட்டு உரிமை வேண்டும் என்கிறோம் நாம்.

உலகத்தில் எவனும் செய்யாததையா கேட்கிறோம்? சிலி என்றொரு நாடு. செம்பை நம்பி வாழ்வது. செம்பின் விலை ஏறினால் வாழ்வு, இறங்கினால் தாழ்வு. 2001இல் ஒரு விதி வகுத்தார்கள். செம்பு விலை உச்சத்திலிருக்கும் ஆண்டில் அந்த உச்சத்தை நம்பிச் செலவு செய்வதில்லை. நெடுங்கால விலை எதுவோ அதைக் கொண்டே செலவு. மிகை தனி நிதிக்கு. 2008இல் ஊதியம் கேட்டுக் கிளர்ந்த அரசு ஊழியர் நிதி மந்திரி வெலாஸ்கோவின் கொடும்பாவியைக் கொளுத்தினார்கள். இவ்வளவு பணத்தைக் கட்டி வைத்துக்கொண்டு இல்லையென்கிறானே என்ற ஆத்திரம்! அதே காலத்தில் உலகச் சந்தை சரிந்தது. ஏறத்தாழ 900 கோடி டாலர் அந்த நிதியிலிருந்து வெளிவந்தது; ஏழைக் குடும்பங்களுக்கு உதவித் தொகை போயிற்று. கொளுத்தப்பட்டவர் கொண்டாடப்பட்டார்.

மறுபக்கமும் உண்டு. பசிபிக் கடலில் நவுரு என்னும் குட்டித் தீவு. பாஸ்பேட்டு வெட்டி விற்றுப் பணத்தில் புரண்டது; வருங்காலத்துக்கென அறக்கட்டளை ஒன்றும் வைத்தது. அந்தப் பணம் போன இடங்களில் ஒன்று, 1993இல் இலண்டனில் மேடையேறித் தோற்ற ஓர் இசை நாடகம்! இன்று தீவில் வெட்டவும் பெரிதாக ஒன்றுமில்லை, அறக்கட்டளையும் கரைந்தது. பெட்டி வைத்தால் போதும் என்போருக்கு நவுரு. பெட்டியே வேண்டாம் என்போருக்குச் சிலி.

இப்போது பெரியவரிடம் வருவோம். சேமிப்பு என்ற சொல்லைக் கேட்டதுமே அவர் முகம் மலர்ந்திருக்கும். மலர வேண்டா ஐயா! நீங்கள் சேமிக்கத் தொடங்கும் இடம் எது என்று நமக்குத் தெரியும். பள்ளிப் பிள்ளையின் தட்டு! 1920இல் நீதிக்கட்சியார் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் உணவிட்டபோதும் பணம் வீண் என்றார்கள். 1956இல் காமராசர் காலத்தில் மதிய உணவு பரவியபோதும், 1982இல் சத்துணவானபோதும், 2022இல் காலை உணவு வந்தபோதும் அதே பல்லவி. அதே 2022இல் டில்லியிலிருந்து இலவசப் பண்பாடு என்று ஏளனமும் எழுந்தது. காலைப் பசியோடு வந்து கடைசி இருக்கையில் சாய்ந்து உறங்கும் பிள்ளையை நாள்தோறும் பார்த்தவர்கள் நாம். அந்தத் தட்டில் விழும் சோறு செலவன்று. மெலிந்த ஆண்டை எதிர்கொள்ள நாடு செய்யும் முதற்சேமிப்பு அதுவே. ஏரிக்குக் கரை போடும் செலவை மிச்சம் பிடித்துத் தண்ணீர் சேமிக்க முடியுமா?

மிகை என்று நாம் சொல்வது எதிர்பாராமல் வழிந்து வருவதை. மனை விலை ஏறிய ஆண்டில் பத்திரப் பதிவில் குவிவது, சொத்து விற்று ஒரே தடவை வருவது, மதிப்பீட்டைத் தாண்டி வருவது. இவற்றில் ஒரு பங்கு. நிலையான வருவாயில் நிலையான கடமைகள் நடக்கட்டும். வழிவதைக் குளத்தில் விடுங்கள் என்கிறோம்.

தண்ணீர் என்றதும் பாலாறு நினைவுக்கு வருகிறது. பிறகு பேசுவதாகச் சொன்னோமே, அது. இந்த ஆற்றில் என்றைக்குமே பொன்னி போல வெள்ளம் புரண்டதில்லை. ஆனாலும் இதன் கரை பசுமையாக இருந்தது. காரணம் மணல். பெய்த நாலு நாள் மழையை ஆழ்ந்த மணல் உறிஞ்சி வைத்துக்கொள்ளும்; கோடையில் ஊற்றுக்கால் வெட்டி அந்த நீரை வயலுக்கு ஓட்டுவார்கள். மேலே காய்ந்த ஆறு, கீழே நிறைந்த பெட்டி! பிறகு லாரிகள் வந்தன. தண்ணீரை ஒருவரும் திருடவில்லை, தோழர்களே. தண்ணீரைப் பிடித்து வைக்கும் மணலைத்தான் அள்ளினார்கள். மழை இன்றும் பெய்கிறது, தங்குவதற்கு இடமில்லை. பெட்டியில் இருக்கும் பணத்தைத் திருடுவது ஒரு வகை. பெட்டியையே பெயர்த்தெடுத்துப் போவது இன்னொரு வகை. ஒவ்வோர் ஆண்டும் உபரியை உடனே கரைக்கப் புதுப்புதுத் தலைப்புக் கண்டுபிடிக்கும் நிதியாளர் செய்வது இரண்டாம் வகை.

ஆகவே நாம் கேட்கும் சட்டம் இது. எவ்வளவு மிகுந்தால் எவ்வளவு நிதிக்குப் போக வேண்டும் என்பது எண்ணால் எழுதப்பட வேண்டும். மந்திரியின் மனத்தால் அல்ல. திறப்பதும் எண்ணால்தான்: வருவாய் முன்னாண்டைவிட இத்தனை விழுக்காடு வீழ்ந்தால் தானே திறக்கும், வீழாவிட்டால் முதல்வரே வந்து தட்டினாலும் திறக்காது. தேர்தலுக்கு முந்திய ஆறு மாதம் எண் பொருந்தினாலொழியப் பூட்டில் விரல் படக்கூடாது. திறந்த பணத்தின் முதற்பங்கு வேலை நின்றவனுக்கு, கூலி நின்றவனுக்கு. ஒப்பந்தக்காரர் பாக்கி பிறகு. கணக்குக் காட்டத் தவறிய மந்திரி மறுபடி அந்தத் துறைக்கு வரக்கூடாது. உறவினர் பற்றிய உத்திரமேரூர் விதியையும் சேர்க்கலாமே என்று ஆசைதான். முதலில் இது நடக்கட்டும்.

இதெல்லாம் ஆகிற காரியமா என்று சிரிப்போர் நம் பகுதி நெசவாளியின் சேமிப்புப் புத்தகத்தை வாங்கிப் பார்க்கட்டும். கூட்டுறவுச் சங்கத்தில் நெய்பவன் வாங்கும் கூலியில் ரூபாய்க்கு 8 காசு அவன் சேமிப்புக்குப் பிடிக்கப்படுகிறது. அரசு தன் பங்காக 4 காசு போடுகிறது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் தெருவில் பாவு விரிக்க முடியாது. குழித்தறியில் நீர் ஊறிக் கால் வைக்க முடியாது. அந்த மாதங்களை அறிந்தவன் அவன். அவனுக்கு விதி உண்டு, பிடித்தம் உண்டு, புத்தகம் உண்டு, நினைத்தபோதெல்லாம் எடுக்க முடியாத பூட்டும் உண்டு. தன் குடிமகன் மேல் இந்த ஒழுங்கை வைக்கும் அரசு, தன் மேல் வைத்துக்கொள்ள மறுப்பது ஏன்?

வரும் அக்டோபர் 2 அன்று நம் ஊர்க் கிராம சபை கூடும்போது, மாநிலத்துக்கு மெலிந்த ஆண்டு நிதிச் சட்டம் வேண்டும் என்ற தீர்மானத்தை முன்மொழிவதென முடிவு செய்திருக்கிறோம். மாநிலக் கருவூலத்தின் மேல் கிராம சபைக்கு அதிகாரம் இல்லை என்று ஊராட்சிச் செயலர் சொல்வார், சொல்வது சரியே. தெருவிளக்கும் குடிநீரும் பேசிவிட்டு இதையும் பேசுவோம். ஒப்புக்கொண்டால் தீர்மானப் புத்தகத்தில் ஒரு பக்கம் ஏறும். வாலாசாபாத்திலும் உத்திரமேரூரிலும் உள்ள தோழர்கள் தங்கள் ஊர்ப் புத்தகங்களிலும் ஒரு பக்கம் ஏற்ற முடியுமா என்று எழுதுங்கள்.